நீல பிஸ்கட் டின் யாருடையது?

புவான் ரோஹானா கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் இறுதி அறிக்கையின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை காலை. ஷா ஆலமில் ஒரு தனியார் கல்லூரியின் நான்காம் மாடி. வேலை பார்ப்பவர்களுக்காக வார இறுதியில் நடத்தும் பட்டப்படிப்பு. வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவருக்கே என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. விரிவுரையாளர் புவான் ரோஹானாவும் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்தால் என் முழங்கால்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

“இது என்ன, கிரேஸ்?” என்று கேட்டார். எங்கள் பேச்சு எப்போதும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்; மேடம் என்று பொருள்படும் ‘புவானை’ மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மாணவர்கள் அனுப்பும் அறிக்கையைக் கல்லூரியின் மென்பொருள் இணையத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகிற வரிகளுக்குச் சிவப்புப் பூசும். மேலே நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் போடும். என்னுடைய எண் அறுபத்து மூன்று. தேர்வு மதிப்பெண்ணாக இருந்திருந்தால் போகிற வழியில் கேக் வாங்கிப் போயிருப்பேன்.

“கிள்ளானில் இருக்கிற ஒரு பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியின் இணையதளத்தில், உங்கள் அத்தியாயத்தில் வருகிற இந்த வேலை முறைக் கையேடு இருக்கிறது. வரிக்கு வரி அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

“நான் எடுக்கவில்லை, புவான். இது நான் எழுதியது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “இதை விசாரணைக் குழுவின் முன்னால் சொல்லுங்கள். இரண்டு வாரம் இருக்கிறது. ஆதாரம் கொண்டு வாருங்கள். காப்பி என்று முடிவானால் இறுதி அறிக்கை ரத்து. படிப்பை விட்டே நீக்கலாம்.”

நான்கு வருடத்துச் சனிக்கிழமைகள். போகாமல் விட்ட கல்யாணங்கள், சாப்பிடாமல் விட்ட பிறந்தநாள் விருந்துகள், கழுவாமல் விட்ட பாத்திரங்கள். எல்லாம் ஒரே சிவப்பில் போய்விடும். கீழே இறங்கிப் போய், காரை எந்த வரிசையில் நிறுத்தினேன் என்று தெரியாமல் வெயிலில் இரண்டு சுற்று நடந்தேன்.

சட்டைப் பையில் காலணி

காப்பி அடிப்பது எனக்குப் புதிதல்ல என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள் நான் என்று இந்தத் தொடரில் பலமுறை எழுதிவிட்டேன். ‘இந்த அம்மா இன்னும் ரயிலை விட்டு இறங்கவில்லையா?’ என்று கேட்டு ஒரு வாசகர் கடிதமே போட்டிருந்தார். அவர் மன்னிக்க வேண்டும். இந்த வாரமும் ஒரே ஒரு ஸ்டேஷனில் நின்றுவிட்டுப் போகிறேன்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தன்கதைக் கட்டுரை உண்டு. ஒரு பொருள் தன் கதையைத் தானே சொல்வது போல எழுத வேண்டும். ஆசிரியை ‘நான் ஒரு பேனா’ என்று ஒரு மாதிரிக் கட்டுரை கொடுத்தார். ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தோம். தேர்வில் பேனா வரவில்லை. ‘நான் ஒரு காலணி’ என்று வந்தது.

நான் அசரவில்லை. பேனா இருந்த இடத்திலெல்லாம் காலணியைப் போட்டேன். ‘என் எசமானன் என்னைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உற்சாகமாகப் பள்ளிக்குப் புறப்பட்டான். வகுப்பில் என் மூடியைக் கழற்றி முத்து முத்தாக எழுதினான்.’

ஆசிரியை அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தேறும் அளவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டார். யோசிக்காமல் எழுதிவிட்டாயே என்றுதான் சொன்னார். அடுத்தவர் எழுத்தை எடுத்துவிட்டாயே என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் அதையேதான் எடுத்திருந்தோம்.

பிறகு வளர்ந்து கிள்ளானுக்குக் கல்யாணமாகி வந்தேன். எங்கள் மெதடிஸ்ட் சபை ஜெபக் கூட்டத்திலும் அதே கதைதான். ஓர் அங்கிள் உருக்கமாக ஒரு வரி சொல்லி ஜெபித்தால் அடுத்த வாரம் அது ஓர் ஆன்டியின் வாயில் இருக்கும். ஈஸ்டருக்குள் சபை முழுக்கப் பரவிவிடும். இது யாருடைய வரி என்று ஆண்டவரும் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை.

அப்படி வளர்ந்தவளுக்கு இரவல் என்றால் பெரிய குற்றமாகத் தோன்றியதே இல்லை. ஆனால் அந்த மூன்றாம் அத்தியாயம் இரவல் இல்லை. அதில் இருந்தது என் வேர்வை. அதைப் போய்த் திருட்டு என்று சொன்னதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

மழையில் கரைந்த எண்

கல்லூரியில் சேர்வதற்குப் பல வருடம் முன்பு நான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன லோரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. துறைமுகத்தில் கண்டெய்னரை எடுத்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் கம்பெனியின் வேலை. ஒவ்வொரு கண்டெய்னர் கதவிலும் ஒரு சீல் இருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். டிரைவர் துறைமுகத்திலேயே அந்த எண்ணைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து ஆபீசில் கொடுக்க வேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணும் கதவில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் தொழிற்சாலையில் கதவைத் திறக்கவே விடமாட்டார்கள்.

டிரைவர்கள் அந்தச் சீட்டை எங்கெங்கோ வைப்பார்கள். காதில் செருகுவார்கள், தொப்பிக்குள் வைப்பார்கள். ஒருவர் ரொட்டி சானாய் பொட்டலத்தோடு சுருட்டிக் குப்பையில் போட்டதும் உண்டு. ஒரு மழை நாளில் சீட்டு நனைந்து எண் கரைந்துவிட்டது. டெங்கில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் அந்த லோரி இரண்டு நாள் அப்படியே நின்றது. எங்கள் பாஸ் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை முனியாண்டி அண்ணன் ஆபீசுக்குள் வந்தார். டிரைவர்களில் மூத்தவர். கையில் ஒரு நீலத் தகர டின். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் எல்லா வீட்டிலும் வாங்குவார்களே, வட்டமான பட்டர் பிஸ்கட் டின், அதேதான்.

“தங்கச்சி, இத கவுண்டர்ல வைங்க. லோரிய விட்டு எறங்குன ஒடனே சீட்ட இதுல போடணும். அப்புறந்தான் தேத்தண்ணி, சிகரெட்டு எல்லாம். நீலக் கலருலா, தூரத்துலருந்தே கண்ணுல படும்.”

அன்று பிரிண்டரில் மை இல்லை. ஒரு தாளை எடுத்து, சீட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று மலாயில் ஒன்பது கட்டளைகளைக் கையாலேயே எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தேதியோடு கம்பெனி முத்திரை குத்தி, மூடியின் உள்பக்கம் டேப் வைத்து ஒட்டினேன். ஒன்பதாவது கட்டளை இது: ‘சீட்டை நீல பிஸ்கட் டின்னில் போடவும்.’

அதற்குப் பிறகு ஒரு சீட்டும் தொலையவில்லை. பாஸுக்கு ஆசை பிடித்துவிட்டது. எல்லா வேலைக்கும் இதே மாதிரி எழுது என்றார். வேலை செய்யும் முறையை வரிசையாகச் சொல்லும் கையேட்டுக்கு எஸ்ஓபி என்று பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு மாதம் மத்தியான இடைவேளையில் சோற்றுப் பொட்டலத்தோடு லோரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், ‘அண்ணே, இத எப்படிச் செய்வீங்க? ஏன் அப்படி?’ என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மூடியில் எழுதிய ஒன்பதையும் அப்படியே முதலில் வைத்து, முதல் பக்கத்தில் ‘தயாரித்தது: நிர்வாகப் பிரிவு’ என்று போட்டேன். நிர்வாகப் பிரிவு என்பது நானும் ஒரு மேசை மின்விசிறியும்தான்.

பல வருடம் கழித்துக் கல்லூரி அறிக்கைக்குச் சின்ன லோரிக் கம்பெனிகளின் வேலை முறை என்ற தலைப்பை எடுத்தபோது, என் பென் டிரைவில் இருந்த அந்தக் கையேட்டை மூன்றாம் அத்தியாயத்தில் அப்படியே ஒட்டிவிட்டேன். என்னுடையதை எடுக்க யாரிடம் கேட்பது? எங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்புப் போட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

என் பிள்ளை, வேறு சட்டையில்

வீட்டுக்கு வந்து என் கணவர் சாமுவேலிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“உண்மையச் சொல்லு கிரேஸ். காப்பி கீப்பி அடிச்சிட்டியா?”

“முப்பது வருசமா என் சாம்பாரத் தின்னுட்டு கேக்குற கேள்வியாங்க இது?”

“சாம்பாரு எங்கம்மா சொல்லிக் குடுத்ததுதானே,” என்றார். அன்று அவருக்குச் சாம்பார் கிடைக்கவில்லை.

இருவருமாக உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தோம். கண்ணாடிக் கட்டடம், பளபளப்பான சின்னம், வரிசையாக நிற்கும் வெள்ளை லோரிகள். அதற்குக் கீழே என் கையேடு. கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் என் வரிகள். நான் பெற்ற பிள்ளைக்கு யாரோ புதுச்சட்டை போட்டு நிறுத்தியிருந்தது போல இருந்தது.

அது எப்படி அங்கே போனது என்று நான் துருவவில்லை. எங்கள் கம்பெனியை மூடியபோது ஆட்கள் நாலா பக்கமும் வேலைக்குப் போனார்கள். யாரோ ஒருவரோடு கோப்பும் போயிருக்கும்.

படித்துக்கொண்டே வந்த சாமுவேல் திடீரென்று திரையில் விரலை வைத்தார். “இங்க பாரு. ஒம்பதாவது.”

‘சீட்டை நீல பிஸ்கட் டின்னில் போடவும்.’

அதைக்கூட மாற்றவில்லை! கண்ணாடிக் கட்டடத்துக்கு பிஸ்கட் டின் எதற்கு என்று யாருமே யோசிக்கவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகியதால் காலணியையும் செருகிய அதே புத்திதான். கோபத்தோடு உட்கார்ந்திருந்த நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சாமுவேலும் சேர்ந்துகொண்டார்.

“இதச் சொன்னா போதும்லா, நம்பிடுவாங்க.”

போதாது என்று எனக்குத் தெரியும். நான் அந்த இணையதளத்தைப் பார்த்துத்தான் டின்னோடு சேர்த்துக் காப்பி அடித்தேன் என்று சொல்லிவிடலாம். பென் டிரைவில் இருந்த கோப்பைத் திறந்து திறந்து சேமித்திருந்ததால் அது போன மாதத் தேதியைக் காட்டியது. பழைய பாஸ் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், நம்பர் கிடைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நான் எழுதினேன் என்று காட்ட என்னிடம் ஒரு காகிதம் கூட இல்லை.

அப்போதுதான் மூடியின் உள்பக்கம் ஒட்டிய தாள் ஞாபகத்துக்கு வந்தது.

பிரிட்ஜுக்கு மேலே

பழைய டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தேடி முனியாண்டி அண்ணனின் நம்பரைப் பிடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. முழங்கால் வலியால் லோரியை விட்டுவிட்டு, கம்போங் மேடான் அடுக்குமாடியில் மனைவியோடு இருந்தார். போனில் டின்னைப் பற்றிக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அது எந்தக் குப்பைக்குப் போனதோ?

“டின்னா?” என்றார், நான் என்னவோ அவர் மூக்கு இருக்கிறதா என்று கேட்டது போல. “எங்க போவும்? பிரிட்ஜு மேலதான் இருக்கு. வாங்க.”

சாமுவேல் காரை ஓட்டிய வேகத்துக்கு அன்று போலீஸ் அபராதச் சமன் வராமல் இருந்தது ஆண்டவர் கிருபை.

முனியாண்டி அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, முக்காலி போட்டு ஏறி டின்னை எடுத்தார். உள்ளே கிளினிக் கார்டுகள், பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள், லோரி ஓட்டிய காலத்துப் பழைய சமன்கள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்.

“அந்த வருசத் தீபாவளிக்கு நான்தான் பாசார்ல பாத்துப் பாத்து வாங்குனேன். பிஸ்கட்டு முடியறதுக்கு முன்னுக்கே டின்னத் தூக்கிட்டுப் போயிட்டாரு ஓங்கண்ணன். மிச்சத்த பிளாஸ்டிக் பையில போட்டு வச்சேன். எல்லாம் நமத்துப் போச்சி.”

“கம்பெனி மூடறப்ப பாஸ் ஆளுக்கு ஒரு நாக்காலி குடுத்தாரு,” என்றார் அண்ணன். “எனக்கு நாக்காலி வேணா, என் டின்னக் குடுங்கன்னுட்டேன்.”

மூடியைத் திருப்பினேன். தாள் பழுப்பேறியிருந்தது. டேப் ஒரு மூலையில் உரிந்திருந்தது. ஆனால் ஒன்பது கட்டளைகளும் இருந்தன, என் கையெழுத்து இருந்தது, வட்ட முத்திரையும் அதற்கு நடுவில் தேதியும் இருந்தன. அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கும் முந்திய தேதி. நான் அங்கேயே, மைலோ கோப்பைக்கு முன்னால், சின்னப் பிள்ளை போல அழுதேன்.

“டின்னுக்குப் போயி ஏன் அழுவுறீங்க?” என்று அஞ்சலை அக்கா பதறினார். “எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுத்துடணும்.”

மேசை மேல் வைத்தேன்

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த தலை, சிரிக்காத முகம். ஒரு பக்கம் புவான் ரோஹானா, இன்னொரு பக்கம் பதிவாளர் அலுவலகத்து அதிகாரி. நான் என் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு உள்ளே போனேன்.

“இது நானே எழுதியது என்று நீங்கள் சொல்வதாகக் குறிப்பு இருக்கிறது,” என்றார் தலைவர். “இந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், மேடம்.”

நான் பையைத் திறந்தேன். டின்னை எடுத்து மேசை மேல் வைத்தேன். தகரம் மரத்தில் பட்ட சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது.

“பிஸ்கட் கொண்டுவந்தீர்களா?” என்றார் அதிகாரி.

“அந்தக் கம்பெனியின் கையேட்டில் ஒன்பதாவது விதியைப் படியுங்கள், சார்.”

தலைவர் தாளைப் புரட்டினார். மலாயில் சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் தயங்கியது. மறுபடியும் படித்தார். டின்னைப் பார்த்தார். நான் மூடியைத் திறந்து உள்பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்பதும் ஒன்றுதான். முத்திரையில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அப்போது புவான் ரோஹானா திடீரென்று, “அடடா, நான் பார்த்திருக்கிறேன்!” என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“போன வருடம் மாணவர்களை அந்தக் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இதே மாதிரி ஒரு நீல டின். திறந்து பார்த்தேன், காலி. இப்போது எல்லாம் போனிலேயே அனுப்புகிறார்கள், சீட்டே கிடையாது. பின் ஏன் டின் என்று அங்கே இருந்த பெண்ணைக் கேட்டேன். ‘தெரியாது புவான், எஸ்ஓபியில் இருக்கிறது’ என்றாள்.”

முதலில் அதிகாரிதான் சிரித்தார். அடுத்தது புவான் ரோஹானா. கடைசியில் அந்தச் சிரிக்காத முகமும் உடைந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆறாம் வகுப்புக்குப் பிறகு என் எழுத்தைப் படித்து ஓர் ஆசிரியர் கண்ணைத் துடைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

சிரித்து முடித்த தலைவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “நல்ல யோசனை இந்த டின். இதுவும் உங்களுடையதா?”

ஆமாம் என்ற சொல் என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். ஜெயித்த வேகம் அப்படி.

“இல்லை, சார். முனியாண்டி என்று ஒரு லோரி டிரைவர். அவர் கொண்டுவந்து வைத்தது.”

“உங்கள் அறிக்கையில் அவர் பெயர் எங்கே இருக்கிறது?”

எங்கேயும் இல்லை. கையேட்டிலும் இல்லை, மூடியில் ஒட்டிய தாளிலும் இல்லை. என் பெயரைப் போடவில்லை என்று இரண்டு வாரம் கொதித்தவள், அவர் பெயரை இத்தனை வருடம் போடாமல் இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். திரும்ப அழைத்தபோது தலைவரே எழுந்து நின்றார். காப்பி என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி. ஆனால் ஒரு மாதத்துக்குள் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தித் தர வேண்டும்.

“உங்களிடமிருந்து நீங்களே எடுத்தாலும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், மேடம். மற்றவரிடமிருந்து எடுத்ததை அதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.”

கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்த சாமுவேல் என் முகத்தைப் பார்த்ததுமே ஹார்னை இரண்டு தடவை அடித்தார். காவலாளி முறைத்தார். நான் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தேன்.

எது என்னுடையது?

அந்த ஒரு மாதம் போல நான் எப்போதும் படித்ததில்லை. ஒவ்வொரு விதியாக எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

சீல் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படி என்ற விதி, பாக் மாட் என்ற மலாய் டிரைவர் சொன்னது. அவருக்குக் கண் சரியில்லை, அதனால் கண்டுபிடித்த வழி அது. மழை நாளில் கதவின் ரப்பரைத் தடவிப் பார் என்றது முனியாண்டி அண்ணன். பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகப் போன் போட்டு, ‘நீங்க சொன்னதுன்னு எழுதலாமா?’ என்று கேட்டேன். பாக் மாட் காலமாகிவிட்டார். அவர் மகள் அனுமதி கொடுத்துவிட்டு, அப்பா பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

எல்லாருக்கும் உரியதைக் கொடுத்த பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்று பயந்துகொண்டே கூட்டிப் பார்த்தேன். நிறையவே மிஞ்சியது. ஓடி ஓடிக் கேட்டது நான். முன்பின்னாகச் சொன்னதை வரிசைப்படுத்தியது நான். பள்ளிக்கு அதிகம் போகாத டிரைவருக்கும் ஒரே வாசிப்பில் புரிகிற வாக்கியமாக அதை ஆக்கியது நான். யாரும் அதைச் செய்திருக்கவில்லை. இரவல் வாங்கியதை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் என்னுடையது எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது.

திருத்திய அறிக்கைக்கு ஏ கிடைத்தது. மென்பொருள் திரும்பவும் சிவப்புப் பூசியது. இந்த முறை ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் இருந்தது.

கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களுக்கும் எப்படியோ செய்தி போனது. மன்னிப்புக் கேட்டு, தங்கள் புதிய கிராணிகளுக்கு வந்து வகுப்பு எடுக்க முடியுமா என்று அழைத்தார்கள். போனேன். கையேட்டின் முதல் பக்கத்தில் என் பெயரையும் டிரைவர்களின் பெயர்களையும் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தேன். கவுண்டரில் அந்த டின் இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

நாற்பத்தோராம் பக்கம்

பட்டம் வாங்கிய மறுவாரம், தங்க எழுத்துப் போட்டு பைண்ட் செய்த அறிக்கையின் ஒரு படியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு கம்போங் மேடானுக்குப் போனேன். டின்னை வெறுமையாகக் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளே புது பட்டர் பிஸ்கட் நிரப்பியிருந்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து முனியாண்டி அண்ணன் கையில் கொடுத்தேன். ‘நீல பிஸ்கட் டின் முறை: திரு. முனியாண்டி, லோரி ஓட்டுநர்.’ அவர் வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

“என் பேரு அச்சுல வந்தது சமன்ல மட்டுந்தான்லா, தங்கச்சி,” என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இதுக்கு அபராதம் ஒண்ணும் இல்லியே?”

அஞ்சலை அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“எம் பேரு எங்க?”

“ஒம் பேரு எதுக்கு? யோசன என்னுது.”

“யோசனைய எதுல போட்டு எடுத்துட்டுப் போனீங்க? டின் வாங்குனது யாரு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாமுவேலைப் பார்த்தேன். சாமுவேல் பிஸ்கட்டைப் பார்த்தார். குழுத் தலைவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, அண்ணன் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“பேனாவுல எழுதுனா போதுமா? அவருக்கு மட்டும் அச்சா?” என்றார் அக்கா.

கல்லூரி நூலகத்தில் இருக்கும் படியில் அந்த வரி கிடையாது. ஆகவே அக்கா கேட்டபடி இங்கே அச்சில் போடுகிறேன்.

நீல பிஸ்கட் டின்னை வாங்கியவர்: திருமதி அஞ்சலை, கம்போங் மேடான்.